ஓர் எழுத்து மாறினால் நாடு மாறுமா?

அசாமில் லட்சக்கணக்கான குடும்பங்களை அலைக்கழித்த பெயர்க் குழப்பம்

“உன் பெயர் என்ன?”

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சேரும் குழந்தைகூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். ஆனால் அசாம் மாநிலத்தில், தலை நரைத்த பெரியவர்கள் பலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறினார்கள்.

அவர்களுக்குப் பெயர் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு காகிதத்திலும் அவர்கள் பெயர் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தது!

வாக்காளர் பட்டியலில் ஒரு விதம். நிலப் பத்திரத்தில் வேறு விதம். பள்ளிச் சான்றிதழில் இன்னொரு விதம். வித்தியாசம் ஓர் எழுத்து, அல்லது இரண்டு எழுத்து. அவ்வளவுதான்.

அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து, “நீ இந்தியப் பிரஜை அல்ல” என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது என்று 2024-ஆம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது.

அன்னியர் யார்?

அசாமுக்குப் பக்கத்தில் இருப்பது வங்காளதேசம். 1971-க்கு முன்பு அதன் பெயர் கிழக்குப் பாகிஸ்தான். எல்லையைத் தாண்டி வந்து மக்கள் குடியேறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அசாம் மக்களின் நெடுநாள் மனக்குறை. “எங்கள் மண்ணில் நாங்களே சிறுபான்மை ஆகிவிடுவோமோ? எங்கள் மொழி என்ன ஆகும்?” என்று அவர்கள் பயந்தார்கள்.

1979-ஆம் ஆண்டு மங்கல்தோய் பாராளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்க இருந்தது. வாக்காளர் பட்டியலில் அன்னியர் பெயர்கள் ஏராளமாகச் சேர்ந்திருப்பதாகப் புகார் கிளம்பியது. அதைத் தொடர்ந்து மாணவர்கள் கிளர்ச்சியில் குதித்தார்கள். 6 ஆண்டுகள் அசாம் கொந்தளித்தது. ரத்தமும் சிந்தியது.

முடிவில், 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ராஜீவ் காந்தி அரசாங்கத்துக்கும் கிளர்ச்சித் தலைவர்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. குடியுரிமைச் சட்டத்தில் 6-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது.

அது சொல்வது இதுதான்: 1966 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பு அசாமுக்கு வந்து குடியேறியவர்கள் இந்தியப் பிரஜைகள். அதற்குப் பிறகு 1971 மார்ச் 24 வரை வந்தவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு 10 ஆண்டுகள் ஓட்டு இல்லை. 1971 மார்ச் 25-ந் தேதியும் அதற்குப் பிறகும் வந்தவர்கள் அன்னியர்கள். அவர்களை வெளியேற்ற வேண்டும்.

ஏன் அந்தத் தேதி? 1971 மார்ச் 25-ந் தேதி இரவுதான் டாக்கா நகரில் பாகிஸ்தான் ராணுவம் துப்பாக்கியைத் தூக்கியது. அதன் பிறகு லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்தார்கள்.

இந்த 6-ஏ பிரிவு செல்லும் என்று 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 5 நீதிபதிகளில் 4 பேர் செல்லும் என்றார்கள். ஒருவர் மாறுபட்டார்.

தாத்தா பெயரைத் தேடி...

சட்டம் எழுதியாகிவிட்டது. ஆனால் யார் எப்போது வந்தார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒரு குடிமக்கள் பதிவேடு தயாரித்திருந்தார்கள். அதைத் திருத்திப் புதுப்பிக்கும் வேலை சுப்ரீம் கோர்ட்டின் மேற்பார்வையில் நடந்தது. 2015-ஆம் ஆண்டு மக்களிடம் விண்ணப்பம் வாங்கினார்கள். 68 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் விண்ணப்பம் கொடுத்தன.

ஒவ்வொருவரும் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும்.

ஒன்று: தன் பெயரோ, தன் அப்பா, பாட்டன் பெயரோ 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்திய தஸ்தாவேஜு ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும். 1951 பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், நிலப் பத்திரம், அகதிப் பதிவுச் சான்று என்று 14 வகைத் தஸ்தாவேஜுகள் அனுமதிக்கப்பட்டன.

இரண்டு: “அந்தப் பாட்டனாருக்கு நான் பேரன்தான்” என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு போன்றவை.

சங்கிலி போல என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டன் ஒரு கண்ணி. அப்பா ஒரு கண்ணி. மகன் ஒரு கண்ணி. ஒரு கண்ணியில் இருக்கும் பெயரும் அடுத்த கண்ணியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் சங்கிலி கோத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அறுந்துபோகும்.

பாட்டன் பெயர் 1951 பதிவேட்டில் இருக்கிறது. மகனுடைய பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. “இவர் வேறு, அவர் வேறு” என்று அதிகாரி சொல்லிவிட்டால் என்ன செய்வது? தொல்லை இங்கேதான் தொடங்கியது.

ஏன் மாறுகிறது?

பெயரை மாற்றி எழுதியது யார்? பெரும்பாலும் அந்தக் குடும்பத்தார் அல்ல.

அந்தக் காலத்தில் கணக்கெடுக்க வந்த குமாஸ்தா வாசலில் நின்று, “பெயர் என்ன?” என்று கேட்பார். வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். காதில் விழுந்ததை அவர் எழுதிக்கொண்டு போவார். எழுதியது சரியா என்று படித்துப் பார்க்க வீட்டாருக்கு எழுத்துத் தெரியாது.

அசாமிய எழுத்தில் எழுதிய பெயர் பிறகு ஆங்கிலத்துக்குப் போகும். ஆங்கிலத்தில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து தேயும். ஓர் எழுத்து வளரும். “ரகுமான்” என்பது “ரெஹ்மான்” ஆகும். “முகமது” என்பது சுருங்கி இரண்டு எழுத்தாக நிற்கும்.

வங்காளிகளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர். வெளியுலகத்துக்கு ஒரு நல்ல பெயர். பக்கத்து வீட்டுக்காரர் செல்லப் பெயரைச் சொல்லிவிட்டால் பட்டியலில் அதுவே ஏறிவிடும்.

வயதும் அப்படித்தான். பிறந்த தேதி எழுதி வைக்காத ஊரில், “எத்தனை வயது இருக்கும்?” என்றால், “முப்பது இருக்கும்” என்பார்கள். 5 ஆண்டு கழித்து வேறொருவர் வந்து கேட்டாலும், “முப்பதுக்கு மேல் இருக்கும்” என்பார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

பெண்கள் பட்ட பாடு

ஆண்களைவிடப் பெண்கள் பட்ட பாடு பெரிது.

ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. ஆகவே பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆகவே பள்ளிச் சான்றிதழ் இல்லை. ஓட்டுப் போடும் வயது வருவதற்கு முன்பே கல்யாணம் ஆகி வேறு கிராமத்துக்குப் போய்விட்டாள். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் முதன் முதலாக ஏறும்போதே, இன்னாரின் மனைவி என்றுதான் ஏறுகிறது. இன்னாரின் மகள் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை!

பெயரும் மாறுகிறது. முஸ்லிம் பெண்கள் பலர் கல்யாணத்துக்கு முன்பு “காத்தூன்”. கல்யாணத்துக்குப் பிறகு “பேகம்” அல்லது “பீபி”. கணவன் இறந்துவிட்டால் “பேவா”. இந்துப் பெண்ணுக்குக் கணவன் குடும்பப் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரே பெண்தான். காகிதத்தில் மூன்று பெண்கள்!

இப்படிப்பட்ட பெண்கள் கிராமப் பஞ்சாயத்துச் செயலாளரிடம், “இவள் இன்னாரின் மகள், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்” என்று சான்று வாங்கிக் கொடுத்தார்கள். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவுகாத்தி ஐகோர்ட்டு அந்தச் சான்று செல்லாது என்றது. லட்சக்கணக்கான பெண்கள் திகைத்துப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, தக்கபடி சரிபார்த்து அந்தச் சான்றை ஏற்கலாம் என்று கூறியது. அதன் பிறகுதான் அவர்களுக்கு உயிர் வந்தது.

19 லட்சம் பேர்

2018-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி வரைவுப் பட்டியல் வெளியாயிற்று. 40 லட்சத்து 7 ஆயிரத்து 707 பேர் அதில் இல்லை.

அவர்கள் மறுபடியும் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்காகக் குடும்பம் குடும்பமாக வெகு தூரம் பயணம் செய்தார்கள். ஆட்டையும் மாட்டையும் விற்றவர்கள் உண்டு.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இறுதிப் பட்டியல் வந்தது. விண்ணப்பித்தவர்கள் 3 கோடியே 30 லட்சத்து 27 ஆயிரத்து 661 பேர். பட்டியலில் இடம்பெற்றவர்கள் 3 கோடியே 11 லட்சத்து 21 ஆயிரத்து 4 பேர். விடுபட்டவர்கள் 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேர்.

பல வீடுகளில் அப்பா பெயர் இருந்தது, மகன் பெயர் இல்லை. அண்ணன் இந்தியன், தம்பி சந்தேகத்துக்கு உரியவன். இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்த பக்ருதீன் அலி அகமதுவின் உறவினர்கள் சிலருடைய பெயர்களே விடுபட்டிருந்தன என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் யாருக்கும் திருப்தி தரவில்லை. “விடுபட்டவர் தொகை குறைவு; மறுபடியும் சரிபார்க்க வேண்டும்” என்றது மாநில அரசாங்கம். “உண்மையான பிரஜைகளை விட்டுவிட்டார்கள்” என்றார்கள் மற்றவர்கள். முறைப்படி அரசாங்க அறிவிக்கை வந்து, விடுபட்டவர்களுக்குக் காரணம் எழுதிய சீட்டு கொடுத்தால்தான் அவர்கள் அப்பீல் செய்ய முடியும். 2019-க்குப் பிறகு ஆண்டுகள் பல உருண்டன. அறிவிக்கை வரவில்லை. 19 லட்சம் பேர் நடுவழியில் நின்றார்கள்.

யார் நிரூபிப்பது?

பதிவேடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அன்னியர் விசாரணை மன்றங்கள். அசாமில் இப்படி 100 மன்றங்கள் உண்டு. போலீசார் சந்தேகப்பட்டு அனுப்பும் வழக்குகளை அவை விசாரிக்கின்றன.

திருட்டு வழக்கில், “இவன் திருடன்” என்று போலீசார்தான் நிரூபிக்க வேண்டும். குடியுரிமை வழக்கில் அப்படி இல்லை. “நான் அன்னியன் அல்ல” என்று குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் அப்படிச் சொன்னது. 2025-ஆம் ஆண்டு வந்த புதிய சட்டமும் அப்படியே சொல்கிறது.

அசாமுக்கு மட்டும் 1983-ஆம் ஆண்டு ஒரு தனிச் சட்டம் இருந்தது. அதன்படி, புகார் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை 2005-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. ஒருவர் எங்கே பிறந்தார், அவருடைய பெற்றோர் யார் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அரசாங்கம் எங்கே போய்த் தேடும்?

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் இடைஞ்சல். எங்கே பிறந்தேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்கும் காகிதத்தை எழுதியது அவர் அல்ல, அரசாங்கக் குமாஸ்தா! குமாஸ்தா செய்த பிழைக்கு, படிக்கத் தெரியாத விவசாயி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு சம்பவம் போதும். போலீசார் தேடியது ஒரு பெண்ணை. அவள் இறந்துபோயிருந்தாள். அதே போன்ற பெயர் கொண்ட, ஆனால் வேறு குடும்பப் பெயர் உள்ள இன்னொரு ஏழைப் பெண்ணைப் பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள். சுமார் 3 ஆண்டுகள் உள்ளே கிடந்த பிறகுதான், “ஆள் மாறிவிட்டது” என்று தெரிந்து அவளை விட்டார்கள். போன 3 ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

20 ஆண்டு வழக்கு

இனி, 2024 ஜூலைத் தீர்ப்புக்கு வருவோம்.

அந்த மனிதர் மீது 2004-ஆம் ஆண்டு சந்தேகம் கிளப்பப்பட்டது. 1971-க்கு முந்திய வாக்காளர் பட்டியலில் தன் பெற்றோர் பெயர் இருப்பதை அவர் காட்டினார். ஆனால் அவர் கொடுத்த தஸ்தாவேஜுகளில் பெயர் எழுத்துகளும் தேதிகளும் ஒத்துப்போகவில்லை என்று விசாரணை மன்றம் 2012-ஆம் ஆண்டு அவரை அன்னியர் என்றது. 2015-ஆம் ஆண்டு ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விக்ரம் நாத், அசானுதீன் அமானுல்லா இருவரும் வழக்கை விசாரித்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் வருமாறு:

வாக்காளர் பட்டியல் தயாரிக்கும்போது எழுத்துப் பிழை வருவது சகஜம். இந்தியாவில் மொழிகள் பல, உச்சரிப்புகள் பல. ஒரே பெயரைப் பல விதமாக எழுதுவார்கள். அற்பமான வித்தியாசத்தை வைத்து ஒருவருடைய குடியுரிமையைப் பறிக்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார்கள். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பு, சந்தேகத்துக்கு என்ன ஆதாரம் என்பதை அதிகாரிகள் காட்ட வேண்டும். யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, “உன் மேல் சந்தேகம், நிரூபித்துக் காட்டு” என்று சொல்ல முடியாது.

அந்த மனிதர் இந்தியப் பிரஜைதான் என்று அவர்கள் தீர்ப்பு அளித்தார்கள்.

ஆனால் அந்த நல்ல சேதியைக் கேட்க அவர் இல்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

பிழை வேறு, முரண் வேறு

அப்படியானால் எந்த வித்தியாசத்தையும் கண்டுகொள்ள வேண்டாம் என்று அர்த்தமா? இல்லை.

ஓர் எழுத்து மாறுவது பிழை. ஆளே மாறுவது முரண். தாத்தா பெயரில் ஒரு மெய்யெழுத்து மாறியிருந்தாலும், பாட்டி பெயர், ஊர், மற்ற உறவுகள் எல்லாம் ஒத்துப்போனால் அவர் அதே தாத்தாதான். 2019-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இப்படித்தான் ஒரு வழக்கில், தாத்தா பெயரில் இருந்த எழுத்து வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு, மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது. ஊர் மாறிக் குடியேறியதையும் குற்றமாகக் கருத முடியாது என்றது.

ஆனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பே விட்டுப்போனால், கட்டுக் கட்டாகக் காகிதம் இருந்தும் பயன் இல்லை. 2020-ஆம் ஆண்டு கவுகாத்தி ஐகோர்ட்டு ஒரு பெண்ணின் வழக்கில், நிலவரி ரசீது, பேங்குப் புத்தகம், பான் கார்டு ஆகியவை குடியுரிமைக்குச் சான்று ஆகா என்று கூறியது. எத்தனை காகிதம் என்பது முக்கியம் அல்ல. ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு சேருகிறதா என்பதே முக்கியம்.

தமிழ்நாட்டுக்கு என்ன?

“அது அசாம் சமாசாரம். நமக்கென்ன?” என்று இருந்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பதிவேடு எடுக்கப்பட்டதில்லை. ஆனால் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இங்கே தொடங்கியபோது, பல வீடுகளில் என்ன நடந்தது? 20 ஆண்டுக்கு முந்திய பட்டியலில் தன் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேடினார்கள். அது வாக்காளர் பட்டியல் வேலைதான். குடியுரிமை விசாரணை அல்ல. ஆனாலும், பழைய காகிதத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்ற கவலை அப்போதுதான் பலருக்கு வந்தது.

தமிழர் பெயரில் குழப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து பின்னால் போகும். சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் “என்” போட்டும் முடிக்கலாம். “எம்” போட்டும் முடிக்கலாம். கல்யாணம் ஆன பெண்ணுக்கு இனிஷியலே மாறிவிடும். வெளிநாட்டில் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் தமிழர்கள் பலர், “இரண்டும் நானே” என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுப்பது இதனால்தான்.

வருமுன் காப்பது எப்படி?

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். பெயர் வைத்ததும் அதையும் சேர்த்துவிட வேண்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேரவும், பாஸ்போர்ட்டு வாங்கவும் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம்.

சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் பதிவாளரிடம் மனுக் கொடுத்துத் திருத்தலாம். சட்டத்தில் இடம் உண்டு. பெயரையே மாற்றினால் அரசிதழில் வெளியிட வேண்டும். அந்த அரசிதழ்ப் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எந்த ஆபீசில் எந்தக் காகிதம் கொடுத்தாலும், வாங்கிய இடத்திலேயே நின்று பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அழைத்துப் போகலாம். பிழை தெரிந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஆதார் கார்டு எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் அது குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. ஆகையால் தாத்தா காலத்து நிலப் பத்திரம், அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் இவற்றைப் பழைய காகிதம் என்று பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடக் கூடாது.

மக்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதான். ஆனால் பொறுப்பு அவர்களுடையது மட்டும்தானா? பெயரைக் கேட்டு எழுதுகிற ஒவ்வொரு குமாஸ்தாவும், எழுதியதை அவர்களுக்கே ஒரு முறை படித்துக் காட்டினால் போதும். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

அந்த அரை நிமிஷம் மிச்சம் பிடித்ததற்கு, அசாமில் ஒரு மனிதர் 20 ஆண்டு விலை கொடுத்தார்.